மலிவு டேப்லெட்டும் மாமன் தட்டும்

அத்தியாயம் 9

கனகாவுக்கு அந்த வாரம் முழுக்க எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வந்தது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வாரம் அவளுடைய தாய்மாமன் மகேந்திரன் போனில் ஒரு படம் அனுப்பினானே, அதுதான் காரணம். ஐம்பதாயிரத்துக்குக் குறையாத டேப்லெட், கூடவே அதற்கென்று ஒரு பேனா. கீழே, 'எந்த கலர் வேணும் கண்ணு?' என்று கேள்வி. கேள்விக்குப் பின்னால் மூன்று சிவப்பு இதயங்கள்.

மகேந்திரனுக்கு முப்பத்தைந்து வயது. கனகாவுக்கு இருபது. அவள் மூன்று வயதில் மூக்கொழுகிக்கொண்டு நின்றபோது கைக்குட்டையால் சளி துடைத்துவிட்டவன் அவன். அந்தக் கை இப்போது இதயம் அனுப்புகிறது. கேட்டால், சொந்த ஊரான ஹனூர்ப் பக்கத்தில் அக்கா மகள் தாய்மாமனுக்கு உரிமையாம். உரிமை! மாட்டின் காதில் மஞ்சள் வில்லை அடிக்கிறவர்கள்கூட மாட்டிடம் இப்படி இளிப்பதில்லை.

ஆனால் டேப்லெட் அவளுக்கு வேண்டும். அதுதான் சங்கடம்.

அக்ரஹாரம் ஏரியாவில் சித்தம்மாவின் கடையில் கனகா ஆரி எம்ப்ராய்டரி வேலைக்கு டிசைன் போடுகிறாள். கல்யாண ஜாக்கெட்டுக்கு டிரேசிங் பேப்பரில் மயில், மாங்காய், கொடி என்று வரைந்து கொடுப்பாள். பேப்பருக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி. நாளை, திங்கட்கிழமை, பெரிய கல்யாணப் பார்ட்டி ஒன்று கடைக்கு வருகிறது. பெண்ணின் போட்டோ மேலேயே டிசைனை வைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எவ டேப்லெட்டோட வந்து காட்டறாளோ, அவளுக்கு மாசச் சம்பளம். டிசைனர்னு பேரு. மத்தவங்களுக்கு இதே துண்டு வேலைதான்" என்று சித்தம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

கனகாவிடம் பதினோராயிரம் இருந்தது. அந்தப் பணத்துக்கு வருகிற மலிவு டேப்லெட் போதுமா, போதாதா? போதும் என்றால் மாமன் முகத்தில் முழிக்கத் தேவையில்லை. போதாது என்றால்?

இரண்டு நாளாக வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். தமிழில் இரண்டு, கன்னடத்தில் நான்கு, புரியாத இந்தியில் ஒன்று. ஏழு பேரும் டப்பாவைக் கிழித்துவிட்டு, "இந்த விலைக்கு இது தாராளமா வொர்த்து" என்று ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஒருத்தனாவது அதில் ஒரு கோடு வரைந்து காட்டினானா? கிடையாது. கீழே லிங்க் மட்டும் ஒழுங்காக இருந்தது. கூலிக்கு மாரடிக்கிறவர்களுக்குக்கூடக் கொஞ்சம் கண்ணீர் வரும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா நிர்மலாவைக் கூட்டிக்கொண்டு, கடைகள் நிறைந்த தேவராஜ மொஹல்லாவுக்கு ஆட்டோ ஏறினாள். நிர்மலா நஞ்சன்கூட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷினில் உட்காருகிறவள். ஞாயிறு ஒன்றுதான் அவள் முதுகுக்கு லீவு.

"உங்கப்பா மலையிலிருந்து வரட்டும், கேட்டுட்டு வாங்கலாமில்ல?" என்றாள் நிர்மலா. அவள் அப்பா பெயர் பழனி; மாதேஸ்வரன் மலைக்கு யாத்திரைக்காரர்களை டெம்போவில் ஏற்றிப் போயிருந்தார்.

"அப்பா நாளைக்குத்தான் வருவாரு. எனக்கு நாளைக்குக் காலையில வேணும்மா."

"அவந்தான் நல்லதா வாங்கித் தாரேங்கறானே. பொறத்தியானா? என்ற கூடப் பொறந்தவன்."

"உன்ற கூடத்தான் பொறந்தான். எனக்கு எதுக்கு இதயம் அனுப்பறான்?"

நிர்மலா சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் மனோஜ்குமார் என்ற விற்பனையாளர் அவர்களைப் பிடித்துக்கொண்டார். கொள்ளேகால்காரர். தமிழ் தெரிந்த முகங்களைப் பார்த்ததும் அவர் சிரிப்பு இன்னும் ஒரு சுற்று அகலமானது.

"நோடி மேடம், பாருங்க, பத்தாயிரத்துக்கு இதுக்கு மேல பீஸே இல்ல. பதினோரு இஞ்ச்."

காட்சிக்கு வைத்திருந்த டேப்லெட்டின் கண்ணாடி முழுக்க விரல் எண்ணெய். எவனோ வடை தின்ற கையால் தடவிவிட்டுப் போயிருக்கிறான். கனகா தன் துப்பட்டாவால் துடைத்தாள். துடைத்தது பரவியது. திறந்தால் ரம்மி விளம்பரம். அதை மூடினால் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற விளம்பரம். அதையும் மூடினால் ஒரு தொப்பை ஆடியது.

"இதெல்லாம் கூடவே வருமா?"

"அது ஃப்ரீ மேடம்" என்றார் மனோஜ்குமார். வெட்கமே இல்லை.

பேனா என்று ஒன்றைக் கொடுத்தார். நுனியில் ரப்பர் மொட்டு. கனகா கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடியது மாங்காய். அதைத்தான் போட்டாள். பேனா வளைந்து முடிந்து நின்ற பிறகு, கோடு சோம்பல் முறித்துக்கொண்டு பின்னால் வந்தது. வளைவு வர வேண்டிய இடத்தில் மூலை மூலையாக உடைந்தது. கையை ஊன்றினால் உள்ளங்கை பட்ட இடத்திலும் தடித்த கறை விழுந்தது.

நிர்மலா எட்டிப் பார்த்தாள். "மாங்காயா இது? பல்லிய மிதிச்சாப்ல இருக்குது."

மனோஜ்குமார் குரலைத் தாழ்த்தினார். "உள்ளதச் சொல்றேன் மேடம். படம் பாக்க, பசங்களுக்குப் பாட்டுப் போட, இது போதும். வரையறதுக்கு இது ஆகாது."

ஏழு வீடியோக்காரர்கள் சொல்லாததை இந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கனகாவுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்குள் அந்த வாசனை வந்தது. அரை பாட்டில் சென்ட், அதற்கடியில் ஜர்தாப் புகையிலை. திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன கண்ணு, மாமனச் சொல்லாம கடைக்கு வந்துட்ட?"

கனகா அம்மாவைப் பார்த்தாள். நிர்மலா கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். இந்தக் கடை, இந்த நேரம் என்று தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னது யார் என்று இதற்கு மேல் கேட்க வேண்டுமா?

மகேந்திரன் நஞ்சன்கூடு ஃபேக்டரிகளுக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர். ஐம்பது பேரைத் தினமும் அதட்டி அதட்டி, சாதாரணமாகப் பேசுவதே அதட்டலாக ஆகியிருந்தது. "அண்ணா, அந்தப் பெரிய பீஸ எடுங்க. நேத்தே சொன்னனே, ஊட்டுக்காரிக்குன்னு" என்றான்.

மனோஜ்குமார் கனகாவைப் பார்த்து, "ஓ, சார் சொன்ன மேடம் நீங்கதானா" என்று இன்னும் ஒரு சுற்று சிரித்தார்.

ஊட்டுக்காரி. நேற்றே.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய பொருள் வாங்கினால் டப்பாவுக்குக் குங்குமம் வைத்து, வாங்குகிறவர் கையில் கொடுத்து, போட்டோ பிடித்துக் கடையின் ஸ்டேட்டஸில் போடுவார்கள். மகேந்திரன் அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தான். தோள் பையிலிருந்து ஒரு வெள்ளித் தட்டை எடுத்தான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் வாழைப்பழம் இரண்டு, தேங்காய். நடுவில் டப்பாவை வைத்தான்.

"புடி கண்ணு. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு போட்டோ. நம்ம குரூப்புல போட்டர்றேன்."

'ஹனூர் சொந்தங்கள்' குரூப்பில் நூற்றுப் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். தாய்மாமன் நீட்டிய வெற்றிலைத் தட்டைப் பெண் கை நீட்டி வாங்கினால் அவர்கள் வழக்கத்தில் அது சம்மதம். அப்புறம் நாள் பார்ப்பதுதான் பாக்கி. டேப்லெட் கடையில் பேச்சை முடித்துவிடலாம் என்று இந்த மூளைக்குத் தோன்றியிருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும்.

"எனக்கு பேடா மாமா" என்றாள் கனகா. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும்; வேண்டாம் என்பது பேடா ஆகிவிடும்.

"அட, கோவிச்சுக்காத. இந்தப் பத்தாயிரம் ரூபாக் குப்பையில உன்னால என்னத்த வரைய முடியும்? நீயே சொல்லு."

அவன் சொன்னது உண்மையாக இருந்தது. ஜர்தா வாயிலிருந்து வந்தாலும் உண்மை உண்மைதானே. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

கிளம்பிவிடலாம் என்று மேஜைமேல் கிடந்த தன் சாமான்களை வாரினாள். பார்த்து வரைவதற்காகக் கொண்டு வந்திருந்த டிரேசிங் பேப்பர், மலிவு டேப்லெட்டின் மேல் விரிந்து கிடந்தது. திரையில் ஏதோ ஒரு நகைக்கடைப் பெண், முதுகைக் காட்டி நிற்கிற விளம்பரம். பேப்பருக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்தது. அந்தப் பெண்ணின் முதுகில், ஜாக்கெட் கழுத்துக்கு நேராக, கனகா போன மாதம் வரைந்த கொடி படர்ந்திருந்தது.

கனகா பேப்பரை எடுக்கவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினாள். படத்தை விரலால் பெரிதாக்கி, பேப்பரைக் கொஞ்சம் நகர்த்தினாள். கொடி தோளில் ஏறி உட்கார்ந்தது.

பேனா எதற்கு? இதன்மேல் வரைய வேண்டியதே இல்லை. பெண்ணின் போட்டோவைக் கீழே வைத்து, மேலே பேப்பரைப் போட்டு, வழக்கமான பென்சிலால் வரைந்தால் முடிந்தது. பார்ட்டி தன் முதுகிலேயே டிசைனைப் பார்த்துவிடும். பிடித்துவிட்டால் அதே பேப்பரை ஊசியால் குத்தி, துணிமேல் விரித்து, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் கோடு துணியில் இறங்கிவிடும். விலை உயர்ந்த டேப்லெட்டில் வரைகிறவள் மறுபடி எல்லாவற்றையும் பேப்பருக்கு மாற்ற வேண்டும். இவளுக்கு ஒரு வேலை மிச்சம்.

பென்சிலை எடுத்து அழுத்தினாள். கீழே படம் நகர்ந்துவிட்டது.

"தொட்டா ஓடுது. ஓடாம நிறுத்த முடியுமா?"

மனோஜ்குமார் யோசித்தார். "சின்னப் பசங்க பாட்டுப் பாக்கறப்ப கைய வெச்சு மாத்திருவாங்கன்னு ஒரு லாக் ஆப் இருக்குது. ஃப்ரீ." இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். இந்த முறை அவர் சொன்ன ஃப்ரீ உண்மையான ஃப்ரீ.

கனகா மறுபடி பென்சிலை வைத்தாள். படம் அசையவில்லை. மாங்காய் மாங்காயாக வந்தது.

"இதுவே பில் போடுங்க. என்ற பேர்ல."

"கனகா, தட்ட வெச்சுக்கிட்டு நிக்கறான் பாரு" என்று நிர்மலா கையைப் பிடித்தாள்.

"நிக்கட்டும். கை வலிச்சா கீழ வெச்சிருவாரு."

பணத்தை எண்ணிக் கொடுத்தாள். பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக சித்தம்மா கடைக்கு நடந்தாள். அம்மாவைக் கூப்பிடவில்லை. அது தப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

சித்தம்மா ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து வைத்திருப்பாள். டேப்லெட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இவ்வளவு மட்டமானதா வாங்கினே?" என்று முகத்தைச் சுளித்தாள். கனகா சித்தம்மாவைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தாள். பேப்பரைப் போட்டுப் பத்து நிமிடத்தில் பின்கழுத்துக்குப் பாதி மயிலை வரைந்தாள். மடித்து மறுபாதியையும் எடுத்தாள்.

சித்தம்மா தன் முதுகில் மயிலைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"பென்சில் கரி கண்ணாடியில ஒட்டும். துணி வெச்சுக்கோ" என்றாள். "பார்ட்டி பதினோரு மணிக்கு வர்றாங்க. நீ பத்தரைக்கே வந்து உக்காந்திரு. மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவ்வளவுதான். சித்தம்மாவிடம் அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் கனகாவுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு பசித்தது.

மூன்று மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் துடிக்க ஆரம்பித்தது. 'ஹனூர் சொந்தங்கள்' குரூப்பில் ஒரு போட்டோ. அதே கடை, அதே வெள்ளித் தட்டு, நடுவில் அந்தப் பெரிய டப்பா, குங்குமம். தட்டின் ஒரு பக்கம் மகேந்திரனின் கை. மறுபக்கம் நிர்மலாவின் கை.

கீழே மகேந்திரன் எழுதியிருந்தான். 'தாய்மாமன் தட்டு மாத்தியாச்சு. கனகா வேலையா போயிட்டதால அக்கா வாங்கிக்கிட்டா. தேதி சீக்கிரம் சொல்றோம்.'

நாற்பது வாழ்த்துகள் வந்திருந்தன. பூங்கொத்து, மோதிரம், கேக். யாரோ ஒருவர் இரண்டு புறாக்களை அனுப்பியிருந்தார்.

நிர்மலா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் தட்டும் டப்பாவும்.

"ஏம்மா வாங்குன?"

"கடையே வேடிக்கை பாத்துச்சு கண்ணு. அவன் மூஞ்சி செத்துப் போச்சு. தம்பி கைய நீட்டிட்டு நிக்கறான், நான் என்ன பண்ணுவேன்?"

"என்னக் குடுத்துட்டு வந்துட்ட."

"சொந்தத்துல போனா கண்ணுல தண்ணி வராம பாத்துக்குவான்னுதான்..."

"ச்சீ!" என்றாள் கனகா. அம்மாவைப் பார்த்து இதுவரை அவள் சொல்லாத சொல். மாமன்மேல் இருந்த அருவருப்பு பழகிப்போன ஒன்று. அம்மாவின் மேல் வந்தது புதிது, அதைத் தாங்க முடியவில்லை.

கனகா போனை எடுத்தாள். குரூப்பைவிட்டு விலகிவிடலாம். விலகினால் வெட்கப்பட்டுக்கொண்டாள் என்பார்கள். திட்டி எழுதலாம். எழுதினால் பெண்ணுக்கு நாக்கு நீளம், மகேந்திரன்தான் அடக்குவான் என்று அதற்கும் மோதிரம் அனுப்புவார்கள். அவள் அந்தப் போட்டோவை இன்னொரு தடவை பார்த்தாள். கொடுத்தது யார் கை? தம்பி கை. வாங்கியது யார் கை? அக்கா கை.

தன் பில்லைப் படம் பிடித்து முதலில் அனுப்பினாள். பிறகு எழுதினாள்.

'எனக்கு வேண்டிய டேப்லெட்டை நானே என் சம்பாத்தியத்தில் வாங்கிவிட்டேன், பில் மேலே. மாமா தன் அக்காவுக்குப் பொறந்த ஊட்டுச் சீர் செய்திருக்கிறார். போட்டோவில் எல்லோரும் பார்க்கலாம். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம் கழித்தாவது அம்மாவுக்குத் தாய் வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது சந்தோஷம். தேதி என்று மாமா சொல்வது அவருக்குப் பார்க்கும் வேறு பெண்ணுக்காக இருக்கும்.'

பிறகு ஹனூரிலிருந்து ராமக்காள் பெரியம்மா குரல் பதிவு அனுப்பினாள். பெரியம்மாவுக்குச் சீர் என்ற வார்த்தை கண்ணில் பட்டால் போதும், மற்றதெல்லாம் படாது.

"நிர்மலா, பொறந்த ஊட்டுச் சீரு வந்துச்சாமா? ஏ மகேந்திரா, நல்ல காரியம் பண்ணுன சாமி! பொறந்தவளுக்குச் செய்யறவன் கெட்டுப் போகமாட்டான். சீலை வெச்சுக் குடுத்தியா?"

அதன் பிறகு வந்த வாழ்த்துகளெல்லாம் நிர்மலாவுக்கு வந்தன.

மகேந்திரன் குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. நிர்மலாவின் போன்தான் அடித்தது. அவள் அவசரத்தில் எதையோ அமுக்க, ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

"என்னக்கா, மகள விட்டு அசிங்கப்படுத்தறயா?"

"அவ சின்னப் புள்ள மகேந்திரா..."

"சின்னப் புள்ளயா? ஊசி புடிச்சுத் திங்கற நாய்க்கு அவ்வளவு திமிரா? அந்த டேப்லெட்ட எதுக்குன்னு நெனச்ச? கடைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு ஊரு மேயாம, ஊட்டுக்குள்ளயே உக்காந்து கிறுக்கிட்டுக் கெடக்கட்டும்னுதான். ஊசி புடிக்கறவளுகள எனக்குத் தெரியாதா? லாரி லாரியா ஏத்தி அனுப்பறவன் நான்."

பதினெட்டு வருஷமாக நிர்மலா விடிகாலை பஸ்ஸில் நஞ்சன்கூட்டுக்குப் போய், ஊசி இரண்டு தடவை விரலில் இறங்கி, அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இந்தத் தம்பி பாலிடெக்னிக் படித்தபோது அவனுக்குப் பஸ் பாஸ் எடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அவள் தன் ஆள்காட்டி விரலைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா? டப்பாவப் பிரிச்சராத. நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்தர்றேன். சீல் ஒடைச்சா அவன் எடுத்துக்கமாட்டான். மச்சான் மலையிலிருந்து எறங்கட்டும், நேரா அவருகிட்டயே பேசிக்கறேன். போன மாசமே என்கிட்ட ஒரு வார்த்தை குடுத்திருக்காரு, அது உங்க ரெண்டு பேருக்குமே தெரியாது."

கனகா அம்மாவைப் பார்த்தாள். என்ன வார்த்தை? அப்பாவா? நிர்மலாவின் முகத்தில் அவளுக்கும் தெரியாது என்றுதான் இருந்தது.

"எச்சக்கல" என்றாள் நிர்மலா, போனைப் பார்த்து, மெதுவாக. பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

தட்டிலிருந்த டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விளிம்பில் ஒட்டியிருந்த சீல் பிளாஸ்டிக்கை நகத்தால் கீறினாள். நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பிளாஸ்டிக் கிழிந்து வாயோடு வந்தது, துப்பினாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"சீரு வந்துச்சுன்னு நூறு பேருக்குச் சொல்லிட்டயில்ல? வந்த சீரத் திருப்பிக் குடுக்கற பழக்கம் எந்த ஊட்ல இருக்குது?"

மூடியைத் திறந்து டேப்லெட்டை வெளியே எடுத்தாள். எங்கே அமுக்குவது என்று தெரியாமல் நாலு பக்கமும் அமுக்கினாள். திரை வெளிச்சமாயிற்று. ஏதேதோ கேட்டது. கனகா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். கடைசியில் ஒரு கட்டம் வந்து நின்றது.

"பேரு கேக்குதும்மா."

நிர்மலா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நிர்மலான்னு போடு" என்றாள்.